இரணைமடுவில் கேட்ட குரல்

புலம்பெயர்ந்து வந்த ஒனிஹங்கா நகர் வீட்டில், கணவர் ஏரியில் பிடித்து வந்த ட்ரவுட் மீனைக் கழுவினேன். குளத்துச் சேற்றின் வாடை எழுந்தது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. சித்திரை மாத விடியலில், ஊரில் இரணைமடுக் குளத்தின் நடுவே மாமாவோடு வள்ளத்தில் இருந்து வலை இழுத்துக்கொண்டிருந்தேன். இருள் விலகாததால் கரை தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால், தண்ணீரிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"வாணி, இஞ்ச வா."

"திரும்பிப் பாராதை, பிள்ளை," என்றார் மாமா. "கொம்மா வீட்ட நிக்கிறா."

அவர் வலையை வெட்டிவிட்டுக் கரைக்குத் தண்டு வலித்தார்.

கரையோரத்தில் அம்மா இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தாள்.

"நீ கூப்பிட்டாய் எண்டுதான் இறங்கினன்," என்றாள்.

நான் அவளைக் கூப்பிடவே இல்லை. தானும் என்னைக் கூப்பிடவில்லை என்றாள் அம்மா. மாமா பிறகு அந்தக் குளத்தில் வலை போடவே இல்லை.

"அம்மா" என்று, மீன் கழுவிக்கொண்டிருந்த என்னைப் பின்னாலிருந்து மகள் கூப்பிட்டாள். இரண்டாம் முறை கூப்பிடும்வரை நான் திரும்பவில்லை.