மீன் பெட்டியில் ஓங்கில்

சீனியம்மாளின் கைகள் குழந்தைகளுக்கான பனியன்களை மடித்து, பாலிதீன் பையில் நுழைத்து, அட்டைப்பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தன. பாம்பனிலிருந்து வேலம்பாளையத்துப் பனியன் கம்பெனிக்கு வந்து இருபது வருடம்; அன்றிலிருந்து பேக்கிங்தான். கண்ணால் பார்த்தே ரகம் பிரிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்பார்கள். அவளும் அதை நம்பினாள்.

அன்றைய ஆர்டரில் ஒவ்வொரு பனியனிலும் ஒரு விலங்குப் படம். ஒரே வகை விலங்குகள் ஒரே பெட்டிக்குள் போக வேண்டும். எது எதோடு என்று காட்டும் அட்டை சுவரில் தொங்கியது. சீனியம்மாள் அதைப் பார்க்கவில்லை. சுறாவோடு டால்பினைப் போட்டாள். காகத்தோடு வௌவாலைப் போட்டாள்.

செக்கிங் பார்க்கும் அபிராமி பெட்டியை எட்டிப் பார்த்தாள். பன்னிரண்டாவது முடித்தவள்.

"அக்கா, டால்பின் மீனில்லீங்க. மாட்டுப் பெட்டிக்குப் போகோணுங்க. வௌவாலும் அங்கதானுங்க."

"ஏன்டி, மாட்டையும் வௌவாலையும் ஒரே தொழுவத்துல கட்டச் சொல்றியா?"

பேக்கிங் ஹாலே சிரித்தது.

"எங்க இருக்குதுன்னு பார்த்துப் பிரிக்கறதில்லீங்கக்கா. குட்டி போட்டுப் பால் குடுக்குதான்னு பார்க்கறாங்க. அட்டையிலயும் அப்படித்தான் இருக்குதுங்க."

"கடலோரத்துல பொறந்தவளுக்கே மீனைக் காட்டுறியா? நீ கடலைப் படத்துலதான பார்த்திருக்க! கையெழுத்தைப் போட்டுட்டுப் போடி."

மறுபடியும் சிரிப்பு. அபிராமி முகம் சுண்டிப்போய்ச் செக்கிங் சீட்டில் கையெழுத்துப் போட்டாள்.

பெட்டிக்கு டேப் ஒட்டும்போதுதான் சீனியம்மாளுக்கு நினைவு வந்தது. அவள் ஊரில் டால்பினை ஓங்கில் என்பார்கள். சின்ன வயதில் அப்பாவின் வலையில் ஒன்று சிக்கியது. அதன் வயிற்றிலிருந்து மணலில் பால் கசிந்ததை அவளே பார்த்திருக்கிறாள். ஆனால் இத்தனை பேரைச் சிரிக்க வைத்துவிட்டு இனி எப்படி மாற்றுவது? டேப்பை அழுத்தி ஒட்டினாள்.

மதியம் ஆர்டர் கொடுத்தவர்கள் தரப்பில் ஆய்வுக்கு வந்தவர் இரண்டு பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மொத்தத்தையும் வேண்டாமென்று தள்ளிவிட்டார். மேனேஜர் தரணீதரன் ஹாலுக்கு வந்தார்.

"செக்கிங் கையெழுத்து யாருது?"

அபிராமி எழுந்தாள்.

"அட்டையப் பார்க்கத் தெரியாதா? நாளையிலிருந்து வர வேண்டாம்."

அபிராமி ஒரே ஒரு முறை சீனியம்மாளைப் பார்த்தாள். பெயரைச் சொல்லவில்லை. சீனியம்மாள் குனிந்து, விரலில் டேப் ஒட்டியிருப்பதுபோல் பாவனையாக உரித்துக்கொண்டிருந்தாள். அவள் செய்ததிலேயே அசிங்கமானது அதுதான். சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் அபிராமி நிற்பதைக் கண்டு, மரத்துக்குப் பின்னால் ஒதுங்கி, அடுத்த பஸ்ஸில் போனாள்.

மறுநாள் காலை, மணி அடிக்கும் முன்பே அவள் மேனேஜர் அறையில் நின்றாள்.

"பிரிச்சது நான்தான் சார். அந்தப் புள்ள தப்புன்னு சொல்லுச்சு. நான்தான் கேலி பண்ணிக் கையெழுத்துப் போட வச்சேன்."

"நேத்து வாயில என்னங்க வச்சிருந்தீங்க?"

தரணீதரன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"எங்கிட்டச் சொன்னாப் பத்தாதுங்க. ஹால்ல சொல்லுங்க. சொல்லிட்டு அந்தப் பொண்ணையும் நீங்களே கூட்டிட்டு வாங்க."

ஹாலில் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. பிறகு அபிராமியின் வீட்டுக்கு நடந்தாள். அபிராமி வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நேத்தே சொல்லியிருக்கலாமுங்க" என்றாள்.

"சொல்லியிருக்கணும்."

அபிராமி துணியைக் கொடியில் போட்டு, கதவைப் பூட்டிவிட்டு முன்னால் நடந்தாள். சீனியம்மாள் பேச்சுக்கொடுக்காமல் பின்னால் போனாள். ஹாலில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு பெட்டியாகப் பிரிக்கத் தொடங்கினார்கள்.