முகத்தைப் பார்த்தீர்களா என்று கேட்ட மரகதம் டீச்சர்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை மயிலாடுதுறையிலிருந்து டீச்சரின் மகள் போனில் பேசினார். "அம்மா போயிட்டாங்க சார். உங்களுக்குத்தான் முதல்ல சொல்றேன்." எனக்குக் கோபம்தான் வந்தது. போன வாரம் அரைமணி நேரம் என்னோடு சண்டை போட்டவர், இப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாரே என்று.

மரகதம் டீச்சரை அறிந்தவர்களுக்கு நான் புதிதாக என்ன சொல்லிவிட முடியும்? ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் அவர் உளவியல், நான் கணக்கு. பக்கத்துப் பக்கத்து மேசை. ஞாபகசக்தி பற்றி ஒரு மணி நேரம் பாடம் எடுத்துவிட்டுக் குடையை வகுப்பிலேயே மறந்துவிட்டு வருவார். கேலி செய்தால், "மறதியும் பாடத்துல இருக்கு சார்" என்பார்.

அறுவடைக் கூலிக்காக ஊருக்கு ஊர் தகராறு நடந்த காலம் அது. சென்னையில் ஆட்சி மாறியிருந்தது. எங்கள் ஊரில் எதுவும் மாறக்கூடாது என்பது என் சித்தப்பாவின் எண்ணம். குடவாசல் பக்கத்தில் எங்களுக்கு நிலம். ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில் சித்தப்பாவின் வைக்கோல் போர் எரிந்தது. புகைக்குள் ஓர் ஆள் ஓடியதைக் கண்டேன். தோளில் சிவப்புத் துண்டு. எங்கள் வயலில் வேலை பார்த்த கோவிந்தன்தான் என்று போலீசில் சொன்னேன். அவர் சங்கத்துக்காரர், எப்போதும் சிவப்புத் துண்டோடு இருப்பவர். கைது செய்துவிட்டார்கள். சாட்சி நான் ஒருவன்தான்.

விசாரணைக்கு நான்கு நாள் இருக்கும்போது டீச்சர், "என் வகுப்புல வந்து கடைசி பெஞ்சுல உட்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். பாடத்தின் நடுவே ஓர் ஆள் உள்ளே நுழைந்து, "எங்க கூலிக்கு என்ன பதில்?" என்று கத்தினார். மேசையிலிருந்த சாக்பீஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார். மாணவிகள் அலறினார்கள். டீச்சர் நிதானமாக எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்து, பார்த்ததை எழுதச் சொன்னார். என்னையும் சேர்த்துப் பாதிப்பேர், தோளில் சிவப்புத் துண்டு என்று எழுதியிருந்தோம்.

பிறகு அந்த ஆளையே உள்ளே கூப்பிட்டார். பள்ளித் தோட்டக்காரரின் மைத்துனர். வெறும் தோள். வெளியே போய்க் கழற்றிவிட்டார் என்று நான் விடாமல் வாதாடினேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் துண்டே போடலைங்க. டீச்சரம்மாதான் வீட்டுலயே வச்சுட்டு வரச் சொன்னாங்க."

"கண்ணு கொஞ்சம்தான் பார்க்குது சார். மிச்சத்தை மனசு தனக்குத் தெரிஞ்சதை வச்சு நிரப்பிக்குது" என்றார் டீச்சர்.

"அப்ப கோவிந்தன் தீ வைக்கலைன்னு சொல்றீங்களா?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? அவர் முகத்தைப் பார்த்தீங்களான்னுதான் கேக்குறேன்."

பார்க்கவில்லை. அதை எனக்கு நானே ஒப்புக்கொள்ள அந்த நான்கு நாளும் தேவைப்பட்டது. கோர்ட்டில் அப்படியே சொன்னேன். கோவிந்தன் விடுதலையானார். சித்தப்பா அதன்பிறகு என் வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை. என் மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்க எங்கள் சொந்தக்காரர் ஒருவரும் முன்னால் வரவில்லை. டீச்சர்தான் சந்தனக் கிண்ணத்தோடு போய் நின்றார். நான் சமையற்கட்டுப் பக்கம் போய் அழுதுவிட்டு வந்தேன்.

தீ வைத்தது யார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஒருமுறை வருத்தத்தோடு அதைச் சொன்னபோது, "தெரியாதுன்னு சொல்றதுக்கும் தைரியம் வேணும் சார். உங்களுக்கு இருந்துச்சு" என்றார். எனக்கு எங்கே இருந்தது? அவர் கொடுத்ததுதான்.

கோவிந்தனுக்கும் வயதாகிவிட்டது. குடவாசல் கடைத்தெருவில் என்னைக் கண்டால், "நல்லா இருக்கீங்களா சார்?" என்று நின்று கேட்பார். நானும் நின்று, அவர் முகத்தை நேராகப் பார்த்துப் பதில் சொல்கிறேன். டீச்சர் எனக்கு விட்டுப்போனது அதுதான்.