ஈரல் இல்லாத பங்கு

பாரிஸில் ஒன்பது வருடம் இறைச்சிக் கடையில் கத்தி பிடித்தவன் நான். லண்டனுக்கு வந்து டைல்ஸ் ஒட்டும் வேலைக்கு மாறியும், நிற்கிற ஆட்டைப் பார்த்தே இத்தனை கிலோ தேறும் என்று சொல்கிற திமிர் போகவில்லை. அந்தத் திமிர்தான் அண்ணையின் மகள் கல்யாணத்தில் என் வாயைத் திறக்க வைத்தது. விருந்தின் ஆட்டுக்கறியை வாயில் வைத்ததும், சம்பந்தி வீட்டார் அதே மேசையில் இருக்க, "அண்ணைக்கு ஆரோ கிழட்டுச் செம்மறியைத் தலையில கட்டிப்போட்டாங்கள்" என்றேன். சொன்னது உண்மை. அதன் பிறகு இரண்டு வருடம் அண்ணை என்னோடு பேசவில்லை. நான் இருக்கிற கோலியர்ஸ் வுட்டிலிருந்து அண்ணை வீடு இருக்கிற ஸ்ட்ரெதம் ஒன்றும் பெரிய தூரமில்லை. நானும் போகவில்லை.

என்னோடு வேலை செய்கிற வெள்ளைக்காரன் ஒருவன் லீவு நாட்களில் கென்ட் பக்கம் மான் வேட்டைக்குப் போவான். லைசென்ஸ், துவக்கு எல்லாம் முறைப்படி உண்டு. பயிரைத் தின்கிற மான்களைச் சுடப் பண்ணைக்காரர்களே கூப்பிடுவார்களாம். ஃபிரீசரில் இடமில்லை, ஒரு முழு மான் வேண்டுமா என்று கேட்டான். உயிரோடு எத்தனை கிலோ என்று கேட்டேன். சுட்டபோது அறுபது கிலோ இருந்திருக்கும் என்றான்.

எனக்கு உடனே பங்குதான் நினைவுக்கு வந்தது. எங்கள் ஆட்கள் சேர்ந்து ஓர் ஆடு அடித்தால் தொடை, விலா, எலும்பு, ஈரல் என்று எல்லாவற்றிலும் ஒரு துண்டு எல்லாப் பங்கிலும் விழ வேண்டும். கூறு போடுகிறவன் கடைசிப் பங்கைத்தான் எடுப்பான். ஒரு பங்கில் ஈரல் இல்லையென்றால் கூறு போட்டவனே தின்றுவிட்டான் என்றுதான் அர்த்தம்.

தோலும் சாணியும் போக நாற்பத்தெட்டு கிலோ, நாலு கிலோப்படி பன்னிரண்டு பங்கு என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். ஒன்று எனக்கு, பத்து தெரிந்த வீடுகளுக்கு. மிச்சம் ஒன்றுக்காக ஸ்ட்ரெதமுக்குப் போன் எடுத்தேன். அண்ணிதான் பேசினார்.

"மான் பங்கு ஒண்டு கொண்டு வரட்டே, அண்ணி?"

பின்னால் அண்ணை இருமுவது கேட்டது. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் குசுகுசுத்தார்கள்.

"கொண்டு வரட்டாம், தம்பி. ஈரல் வருமோ எண்டு கேக்கிறார்."

"ஓம், வரும் எண்டு சொல்லுங்கோ."

 போனை வைத்த கையோடு, சந்தோஷத்தில் பழைய கத்தியை எடுத்துத் தீட்டத் தொடங்கினேன்.

சனிக்கிழமை காலை மான் வந்து இறங்கியது. தலை இல்லை, குளம்பு இல்லை, வயிறு வெறும் கூடு. ஈரல் எங்கே என்று கேட்டேன். சுட்ட இடத்திலேயே வயிற்றைத் துப்புரவாக்கினால்தான் இறைச்சி கெடாது, உள்ளே இருந்ததெல்லாம் நரிக்கு விட்டாயிற்று என்று வெள்ளைக்காரன் பெருமையாகச் சொன்னான். அடப் பாவி என்று தமிழில் சொல்லிக்கொண்டேன். கராஜில் தராசில் தூக்கினால் முப்பத்தாறு கிலோ. தோலை உரித்து, குண்டு பட்டு இரத்தம் கட்டிய முன்னந்தொடையை வெட்டி எறிய, எலும்போடு இருபத்தெட்டுத்தான் மிஞ்சியது.

அவனைக் குறை சொல்ல ஏலாது. நான் உயிரோடு எத்தனை கிலோ என்று கேட்டேன், அவன் அதைத்தான் சொன்னான். என் கணக்கில் ஒரு மிருகம் காது முதல் குடல் வரை சாப்பாடு. அவன் கணக்கில் சதை மட்டும்தான். உள்ளே என்ன வரும் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எல்லாம் தெரிந்தவன் எதற்குக் கேட்கப் போகிறான்?

இரண்டு கிலோ சொச்சமாகப் பன்னிரண்டு கூறு வைத்தேன். பத்து வீட்டுக்கும் போன் எடுத்து விஷயத்தைச் சொன்னேன். பாரிஸ்காரனின் கணக்கு என்று நக்கலடித்தார்கள், அவ்வளவுதான். அண்ணைக்கு மட்டும் போன் எடுக்கவில்லை. ஈரலில்லாத பங்கோடு போய் நின்றால், இரண்டு வருடம் கழித்து வந்தும் என்னை ஏமாற்றுகிறான் என்றல்லவா நினைப்பார்? கடைக்குப் போய் ஆட்டீரல் ஒரு துண்டு வாங்கி வந்து அவருடைய பையில் வைத்தேன்.

மனைவி பார்த்துக்கொண்டு நின்றாள். "இதென்ன வேலை? அவரிட்ட நேரா விசயத்தைச் சொல்லுங்கோவன்."

"உனக்கு ஒண்டும் விளங்காது" என்று எரிந்து விழுந்தேன். பயம்தான் அப்படிப் பேசியது.

மத்தியானம் ஸ்ட்ரெதமுக்குப் போய்ப் பையைக் கொடுத்தேன். அண்ணை குசினியில் வைத்துத் தானே அதை அவிழ்த்தார். இறைச்சியை ஒதுக்கிவிட்டு ஈரலை எடுத்து உள்ளங்கையில் வைத்து, திருப்பி, மணந்து பார்த்தார்.

"ஆட்டீரல்."

நான் தண்ணீர்க் குழாயைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். நரி, தராசு, கடை, ஒன்றையும் விடவில்லை. 

"கலியாணத்துக்கு அடிச்சது கிழட்டுச் செம்மறி எண்டு எனக்கும் தெரியும்" என்றார் கடைசியில். "கொண்டு வந்து இறக்கேக்கையே தெரியும். இண்டைக்குச் சொல்ல வந்த மாதிரி ஒரு பொய்யை அண்டைக்குச் சம்பந்தியாக்களுக்கு முன்னால சொல்லியிருந்தியெண்டால் போதுமேயடா."

"பிழைதான், அண்ணை" என்றேன். இரண்டு வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்தது அது.

அவர் என்னைப் பார்க்காமல் ஈரலை அண்ணியிடம் நீட்டினார்.

"மிளகு கூடப் போட்டு வறு. பின்னேரம் சம்பந்தி வீட்டுக்காரர் வருகினம். தம்பி கொண்டு வந்த மானீரல் எண்டு சொல்லு."