ஓசியில் ஒரு படம் லைப்ரரி

நான் அப்பாவிடம் பொய் சொல்லவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புது வேலையில் என்ன செய்கிறாய் என்று கேட்டார். “படம் லைப்ரரி ஒன்னு கட்டுறேன்ப்பா” என்றேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான். அதனால் எதையும் வீட்டுக்குப் புரிகிற மாதிரி தமிழில் சொல்ல வேண்டும் என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தேன். வேலையில் கொடுத்த கம்ப்யூட்டர் கையேட்டில் ‘பில்ட்’ என்று இருந்தது. கட்டு. ‘இமேஜ்’ என்று இருந்தது. படம். லைப்ரரியை நூலகம் என்று சொல்லியிருந்தால் அப்பா விழித்திருப்பார். லைப்ரரி அவருக்கு நன்றாகத் தெரிந்த சொல். மலேசியாவில் எங்கள் ஈப்போ நகரத்தில் தெருவுக்கு ஒரு வீடியோ லைப்ரரி இருந்தது, கேசட் வாடகைக்கு விடும் கடை.

“எல்லாப் படமும் போடலாமா?” என்று கேட்டார்.

“எந்தப் படமா இருந்தாலும் போடலாம்ப்பா.”

“சரக்கு எங்கேர்ந்து வருது?”

“அமெரிக்காவுல ஒரு யூனிவர்சிட்டி. ஓசியா குடுக்கறாங்க.”

“ஓசியாவா!”

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். நான் என் கடமை முடிந்தது என்று சாப்பிட உட்கார்ந்தேன்.

நான் கட்டிக்கொண்டிருந்தது வேறு. ஈப்போவை அடுத்த சிம்பாங் பூலாயில் சலவைக்கல் ஓடு அறுக்கும் தொழிற்சாலை ஒன்றில் எனக்கு வேலை. அதன் தவுக்கே, அதாவது முதலாளி, ஒரு கம்ப்யூட்டரையும் ஒரு கேமராவையும் சோதனைக்கு வரவழைத்திருந்தார். ஓடு கேமராவுக்குக் கீழே வந்ததும் அதில் கீறல் உண்டா இல்லையா என்று கம்ப்யூட்டர் சொல்ல வேண்டும். ஆனால் பெட்டியிலிருந்து எடுத்த கம்ப்யூட்டருக்குக் கீறலும் தெரியாது, ஓடும் தெரியாது. படத்தை வாங்கு, வெளிச்சமாக்கு, விளிம்பைத் தேடு என்று அதற்குச் சொல்லித் தரும் நிரல்கள் கொஞ்சம் டிஸ்க்குகளில் வந்திருந்தன. அந்த மூட்டைக்குத்தான் லைப்ரரி என்று பெயர். அது சோறாக வராது, அரிசியாகத்தான் வரும். எழுதிய நிரலை அப்படியே திறந்து கொடுத்திருப்பார்கள். அதை நம் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி நாம்தான் வேகவைத்து இறக்க வேண்டும். வேகாவிட்டால் எங்களைக் கேட்காதே என்று முதல் பக்கத்திலேயே மரியாதையாக எழுதியிருந்தார்கள்.

மாதக் கடைசிச் சனிக்கிழமை விற்பனைக்காரர் லாரியோடு வருவார். இயந்திரம் ஒழுங்காக ஓடினால் தொழிற்சாலையில் இருக்கும். ஓடாவிட்டால் லாரியில் ஏறும். அதை ஓட்டுவதற்காகவே எடுக்கப்பட்ட நானும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வீட்டில்தான் சிக்கல். இந்த வேலையை நம்பி அப்பா ரப்பர் தோட்டத்தில் வேலையை விட்டுப் பேர் வெட்டிக்கொண்டு, தொழிலாளர் வரிசையான லயத்து வீட்டுச் சாவியை ஆபீசில் கொடுத்துவிட்டு, எல்லாரையும் ஈப்போவில் வாடகை வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தார். திரும்பிப் போகலாம் என்றால் போவதற்கு லயம் இல்லை. ரப்பரை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை நட, அந்த வரிசையையே இடித்துக்கொண்டிருந்தார்கள்.

கட்டும் வேலை லேசாக இல்லை. ‘மேக்’ என்று தட்டினால் கம்ப்யூட்டர் நிரல்களை வரிசையாக எடுத்து வேகவைக்கத் தொடங்கும். பாதியில் ‘ஃபேட்டல் எரர்’ என்று நின்றுவிடும். உயிர்போகும் பிழை. எனக்குத்தான் போயிற்று, கம்ப்யூட்டர் நன்றாகவே இருந்தது.

முதல் கோளாறு பெயரில். அமெரிக்கக் கம்ப்யூட்டரில் கோப்புக்கு எவ்வளவு நீளமாகவும் பெயர் வைக்கலாம். எங்கள் கம்ப்யூட்டர் எட்டெழுத்துக்கு மேல் வெட்டிவிடும். தோட்டத்து ஆபீஸ் கிராணியும், அதாவது குமாஸ்தாவும், அப்படித்தான். பிள்ளை பிறந்ததைப் பதியப் போனால் அவர் பேனா எங்கே நிற்கிறதோ அங்கே பெயரும் நிற்கும். எங்கள் லயத்தில் ஒரே வீட்டு அண்ணனும் தம்பியும் அடையாள அட்டையில் ஒரே பெயரோடு திரிந்தார்கள். அண்ணனுக்கு வந்த போலீஸ் அழைப்புக்குத் தம்பி போய் நின்ற கதையெல்லாம் உண்டு. இங்கேயும் அதே கதை. நீளப் பெயருள்ள இரண்டு நிரல்கள் வெட்டுப்பட்டு ஒரே பெயராகி, பின்னால் வந்தது முன்னால் வந்ததன் மேல் ஏறி உட்கார்ந்து அதை அழித்திருந்தது. கிராணியின் வம்சம் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று வியந்துகொண்டே அண்ணன் தம்பிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் புதுப்பெயர் வைத்தேன்.

ஒருவழியாக லைப்ரரி கட்டி முடிந்தது. ‘மேக் இன்ஸ்டால்’ என்று தட்டி நிறுவினேன். தவுக்கேயைக் கூப்பிட்டேன். அவர் லகாட் பக்கம் தோட்டத்து மளிகைக் கடையில் வளர்ந்த சீனர். எங்களைப் போலவே தமிழ் பேசுவார், கடைசியில் ஒரு மலேசிய ‘லா’ மட்டும் ஒட்டிக்கொள்ளும், கோபம் வந்தால் எங்களைவிட நன்றாகப் பேசுவார்.

கேமராவுக்குக் கீழே நல்ல ஓடு ஒன்றை வைத்தேன். திரையில் ஓடு வந்தது. மேல்பாதி ஒரு பக்கம் சாய்ந்து, கீழ்ப்பாதி கிழிந்து, மொத்தமும் மெதுவாக மேல்நோக்கி உருண்டது.

தவுக்கே தலையைச் சாய்த்துப் பார்த்தார். “என்னா தம்பி, ஓடு தண்ணி போட்டிருக்கா?”

“கேமரா கோளாறா இருக்கும் பாஸ்.”

“கேமரா புதுசுலா. ஒன்னு நீ கோளாறு, இல்லன்னா அந்த ஓசி கோளாறு. ஓசியில வந்த பூனைக்குப் பல்லு இருக்காதுன்னு எங்கப்பா சொல்வாரு.”

“பல்லு இருக்கு பாஸ். கடிக்கத்தான் மாட்டேங்குது.”

“மாசக் கடைசி சனிக்கெழம வரைக்கும் பாரு. அப்புறம் லாரி வரும்.”

அந்த வாரம் முழுக்கக் கேமராவைக் கழற்றி மாட்டினேன். வயரை மாற்றினேன். நிரலை வரிவரியாகப் படித்தேன். ஓடு போதை தெளியாமல் உருண்டுகொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் செருப்புகள் நிறையக் கிடந்தன. ஏதோ சாவு என்று நினைத்து உள்ளே ஓடினேன். சொந்தக்காரர்கள் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் எங்கள் தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேல் புதிதாக ஒரு வீடியோ டெக். அதற்கு மாலை போட்டிருந்தது.

“யாரோட டெக்குப்பா?”

“சித்தப்பா வீட்டுது. லைப்ரரிக்காரன் வூட்ல டெக்கு இல்லன்னா என்னா மரியாத?”

சித்தப்பா மகன் என் தோளில் கை போட்டான். “அண்ணே, கடைக்கு எங்க எடம் பாத்திருக்க? பஸ் ஸ்டேஷன் பக்கம் போடு. நான் வேணும்னா கவுண்டர்ல ஒக்காந்துக்கறேன்.”

அம்மா சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். “சாமிப் படத்துக்குத் தனியா ஒரு தட்டு வெச்சுடுய்யா. சண்டைப் படத்தோட சேக்காத.”

“கட்டடம் கெழக்கப் பாத்து இருக்கட்டும்” என்றார் அப்பா.

அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. விளக்க ஆரம்பித்தேன். கம்ப்யூட்டர் என்றேன், நிரல் என்றேன், சலவைக்கல் என்றேன். எல்லாரும் பொறுமையாகக் கேட்டார்கள். முடித்ததும் சித்தப்பா மகன் கேட்டான்: “அதெல்லாம் சரிண்ணே. புதுப் படம் வந்தா மொதல்ல நமக்குத்தானே?”

வரும் சனிக்கிழமை லாரி வந்தால் இவர்களிடம் என்ன சொல்வது என்பதே பெரிய கவலை. கட்டாத கடையை மூடிவிட்டேன் என்றா?

அந்த நேரத்தில் எதிர்வீட்டு அக்கா ஒரு கேசட்டை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வந்தார். மாதா கோயிலுக்குத் தவறாமல் போகிறவர். அவர் தம்பி அமெரிக்காவில் ஆஸ்பத்திரி வேலையில் இருந்தார். தன் குழந்தையின் ஞானஸ்நானத்தை வீடியோ பிடித்து அனுப்பியிருந்தார்.

“தம்பி, இத டவுனுல எல்லாக் கடையிலயும் குடுத்துப் பாத்துட்டேன். எவன் டெக்குல போட்டாலும் சரியா வர மாட்டேங்குது. நீ அமெரிக்காப் படமெல்லாம் எறக்கறியாமே. ஒனக்குத் தெரிஞ்சிருக்கும்னு ஒங்கப்பா சொன்னாரு.”

அப்பா என்னைப் பெருமையோடு பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. கேசட்டை வாங்கி மாலையை ஒதுக்கி டெக்கில் போட்டேன்.

கறுப்பு வெள்ளையில் ஒரு கோயில் வந்தது. பாதிரியாரின் தலை ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம். குழந்தை கிழிந்து, சாய்ந்து, மெதுவாக மேல்நோக்கி உருண்டு பரலோகத்துக்குப் போனது. அடுத்த நொடி கீழே இருந்து மறுபடி வந்தது.

“ஐயோ, பாதிரியாரு தண்ணி போட்டிருக்காரா?” என்றான் சித்தப்பா மகன். அக்கா அவனை முறைத்தார்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். தண்ணி போட்ட ஓடு! அதே சாய்வு, அதே கிழிசல், அதே உருளல்.

கேசட்டில் குற்றமில்லை, டெக்கிலும் இல்லை. அமெரிக்காக்காரன் வீடியோப் படத்தை ஒரு கணக்கில் கோடு கோடாகப் பிரிக்கிறான், நம் நாட்டில் வேறு கணக்கு. அவனுக்குக் கோடு குறைவு, நமக்கு அதிகம். ஒருவர் படத்தை மற்றவர் கணக்கில் ஓட்டினால் இப்படித்தான் உருளும். என் கேமரா நம் கணக்குக் கேமரா. லைப்ரரி அமெரிக்காவில் பிறந்தது. எல்லா நிரல்களும் முதலில் பார்க்கும் அதன் தலைப்புக் கோப்பில் கோடுகளின் எண்ணிக்கை அமெரிக்கக் கணக்கிலேயே இருந்தது. ஒவ்வொரு நாளும் அந்த வரியைத் தாண்டிப் போயிருக்கிறேன். எண் சரியாகத்தானே எழுதியிருக்கிறது என்று நினைத்திருக்கிறேன். சரிதான், அவர்கள் ஊருக்கு.

“கண்டுபிடிச்சுட்டேன்கா!” என்று கத்தினேன்.

“சரியாகிடுமா?”

“இது ஆகாதுக்கா. என்னோடது ஆகிடும்.”

இதைவிட மோசமாக ஒரு நல்ல செய்தியை யாரும் சொல்லியிருக்க முடியாது. அக்கா கேசட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த ஒரு எண்ணை மாற்றினால், அதை நம்பியிருக்கும் அத்தனை நிரல்களையும் மறுபடி வேகவைக்க வேண்டும். மாற்றியபோது கிராணி வெட்டிய மாதிரி ஒரே பெயரான அண்ணன் தம்பிகள் இன்னும் சிலர் தலைகாட்டினார்கள். அவர்களையும் பிரித்து வைத்துக் கட்டி முடிக்கும்போது சனிக்கிழமை வந்துவிட்டது. லாரியும் வந்துவிட்டது. விற்பனைக்காரர் கயிற்றோடு உள்ளே வந்தார்.

கேமராவுக்குக் கீழே கீறல் விழுந்த ஓடு ஒன்றை வைத்தேன். திரையில் ஓடு ஆடாமல் அசையாமல், கோயிலுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி நேராக நின்றது. கீறல் வெள்ளைக் கோடாக எழுந்தது. கீழே ‘ரெத்தாக்’ என்று மலாயில் வந்தது. விரிசல்.

தவுக்கே நல்ல ஓடு ஒன்றை வைத்தார். ‘பாய்க்’. நல்லது. சந்தேகம் தீராமல் தன் உள்ளங்கையை வைத்தார். ‘ரெத்தாக்.’

“ஏய், நான் ஒடஞ்ச ஓடாலா?”

“ரேகை பாஸ்.”

அவர் விற்பனைக்காரரின் வழுக்கைத் தலையைப் பிடித்துக் கேமராவுக்குக் கீழே குனியவைத்தார். ‘பாய்க்.’ தொழிற்சாலையே சிரித்தது. விற்பனைக்காரருக்கு மட்டும் கோபப்படுவதா, சந்தோஷப்படுவதா என்று தெரியவில்லை.

“மெஷின் இருக்கட்டும். நீயும் இருலா” என்றார் தவுக்கே.

அந்தச் சமயத்தில் நன்றி சொல்லியிருக்க வேண்டும். நான் கேட்டது வேறு. “பாஸ், ஒங்க வீட்ல தைவான் கேசட் எல்லாம் பாக்கறீங்களே, அதுவும் அமெரிக்காக் கணக்குதானே, அந்த டெக்கு எல்லாக் கணக்கும் படிக்குமா?”

“படிக்கும். என்னாத்துக்கு?”

விஷயத்தைச் சொன்னேன். திங்கட்கிழமை அவரே டெக்கையும் டீவியையும் காரில் போட்டுக்கொண்டு ஆபீசுக்குக் கொண்டு வந்தார்.

சாயங்காலம் எதிர்வீட்டு அக்காவை வரச் சொல்லியிருந்தேன். அக்கா வந்தார். அவரோடு அப்பா வந்தார், அம்மா வந்தாள், சித்தப்பா குடும்பம் வந்தது, எங்கள் தெருவும் வந்தது. அப்பா வேட்டி கட்டியிருந்தார். ஆபீஸ் கதவைத் தானே திறந்து பிடித்துக்கொண்டு, “வாங்க, வாங்க, எல்லாம் ஓசிதான்” என்று ஒவ்வொருவராக உள்ளே விட்டார். தவுக்கே யாரோ கல் வாங்க வந்தவர்கள் என்று நினைத்து எல்லாரையும் கும்பிட்டார்.

படம் வந்தது. வண்ணத்தில், நேராக. பாதிரியாரின் தலை கழுத்தின்மேல் இருந்தது. தண்ணீர் பட்டதும் குழந்தை வீரிட்டு அழுதது. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். “எங்கப்பாவோட மூக்கு” என்றார்.

அப்பா என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார். “இதுதானே நீ கட்டுனது?”

இல்லை என்றால் மறுபடி ‘பில்ட்’ என்ற சொல்லிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

“ஆமாப்பா” என்றேன்.

“நல்லா இருக்கு” என்றார். “பாட்டுதான் இல்ல.”