எட்வின் மாற்றும் முகப்புகள்

ஞாயிறு பூசையிலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் எட்வின் கணினியின் முன் உட்கார்ந்து, போன வாரம் திரையின் அடியில் வைத்த, பொத்தான்கள் வரிசையாக இருக்கும் பட்டையை உச்சிக்கு ஏற்றுகிறார். அடுத்த ஞாயிறு அது இடப்பக்கம் போகும். எழுந்து தள்ளி நின்று, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறார். "இப்பத்தான் வே கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கு." போன வாரமும் குளிர்ச்சியாகத்தான் இருந்தது.

தூத்துக்குடியில் ஒரு சரக்குக் கிடங்கின் கணக்குப் பிரிவில் வேலை. பாளையங்கோட்டையிலிருந்து தினமும் பேருந்து. கிடங்கில் கொடுத்திருக்கும் கணினியில் எதையும் மாற்ற முடியாது. அந்தக் குறையை வீட்டில் தீர்த்துக்கொள்கிறார். வீட்டில் லினக்ஸ் என்ற இயங்குதளம். அதில் உள்ளே ஓடும் எந்திரம் ஒன்றுதான். திரையில் தெரியும் முகப்பை மட்டும் அவரவர் விருப்பம்போலப் போட்டுக்கொள்ளலாம். க்னோம், கே.டி.இ., எக்ஸ்.எஃப்.சி.இ. என்று பல உண்டு. எது மேல் என்பதில் எட்வினுக்கு மாதத்துக்கு ஒரு தெளிவான கருத்து இருந்தது. க்னோமில் இருந்தபோது கே.டி.இ.யைத் திருவிழாக் கடை என்றார். கே.டி.இ.க்குப் போனபின் க்னோமைப் பத்தியச் சாப்பாடு என்றார். எக்ஸ்.எஃப்.சி.இ.யை மட்டும் எப்போதும் ஒரே மாதிரி வைதார்: "அது பென்சன் வாங்குன முகப்பு."

எதிர்வீட்டுக்காரனான நான், கடையில் போட்டுத் தந்த திரையோடு காலம் தள்ளுகிறவன். அதில் அவருக்கு உண்மையான வருத்தம். "யாரோ வச்சதயே பாத்துட்டு இருக்கீரே, ஒமக்கு ஒரு சுதந்திரம் வேண்டாமா வே?" சுதந்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் படித்திருக்கிறேன். ஒரு பகல் முழுவதையும் எழுத்தின் பருமனைத் தேர்வதில் செலவிட்ட எவரையும் அந்தப் புத்தகங்களில் சந்தித்த நினைவில்லை. புது முகப்பில் என்ன வேலை செய்கிறார் என்று ஒருமுறை கேட்டேன். அடுத்த முகப்பைப் பற்றிப் படிப்பதாகச் சொன்னார்.

அந்தக் கணினியில் வேலை செய்கிறவர் அவர் மனைவி ஸ்வீட்லின். மாலையில் வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் எடுக்கிறார். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும், "ஏங்க, சத்தம் இப்ப எங்கன இருக்கு?" என்று அவர் கேட்டாக வேண்டும். போன நவம்பரில் எட்வின் மறுபடி கே.டி.இ.க்குத் திரும்பிய அன்று, சத்தம் எங்கனயும் இல்லை. துபாயிலிருந்து மர்வா என்ற பத்தாம் வகுப்புப் பெண் திரையில் வாயசைத்துவிட்டு, காதைத் தொட்டுக் காட்டிவிட்டு, கடைசியில் மறைந்துபோனாள். அவள் குடும்பம் காயல்பட்டினத்துக்காரர்கள். அவள் தாய் மறுநாள் மிக மரியாதையாகப் பேசினார்: பரீட்சை வருகிறது, இன்னொரு தடவை இப்படியானால் வேறு டீச்சரைத்தான் பார்க்க வேண்டும்.

ஸ்வீட்லின் சண்டை போடவில்லை. எக்ஸ்.எஃப்.சி.இ.யைப் போடச் சொல்லி, மற்றதையெல்லாம் எட்வின் கையாலேயே நீக்கவைத்து, கடவுச்சொல்லைத் தானே மாற்றிக்கொண்டார். இனி எதை நிறுவவும் அவர் வேண்டும். "மர்வா பரீட்ச முடியட்டும். பொறவு என்ன கூத்தும் அடிச்சிக்கிடுங்க." எட்வினுக்கு அந்த முறை தவக்காலம் நவம்பரிலேயே தொடங்கிவிட்டது.

கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் நான் அங்கே இருந்தேன். கே.டி.இ.யில் புதுப் பதிப்பு வந்திருந்தது. ஒரு நாள் பொறுக்க எட்வினால் முடியவில்லை. சும்மா போட்டு மட்டும் வைப்பதாகவும், தொடப்போவதில்லை என்றும் நெடுநேரம் விளக்கினார். ஸ்வீட்லின் வந்து, இடக்கையால் விசைப்பலகையை மறைத்துக்கொண்டு வலக்கையால் கடவுச்சொல்லைத் தட்டினார். எட்வின், யாரும் சொல்லாமலே, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எண்டர நீங்களே அமுக்குங்க. ஆறு மணிக்கு அவ கடைசியா ஒரு தடவ சந்தேகம் கேக்க வருவா."

எட்வின் விரலை எண்டரின் மேல் வைத்து என்னைப் பார்த்தார். "ஒண்ணும் ஆவாது வே."

"யாருக்கு?" என்றார் ஸ்வீட்லின்.

கடிகாரத்தில் ஆறாகப் பத்து நிமிடம் இருந்தது. விரல் எழுந்தது. எட்வின் சுட்டியைப் பைய நகர்த்தி 'ரத்து' என்ற இடத்தில் அழுத்தினார். ஒலிவாங்கியை எடுத்து அதில் ஒன்று, இரண்டு, மூன்று சொல்லிப் பார்த்தார். பிறகு, கடவுச்சொல் கேட்காத காரியமாகத் தேடி, திரையின் பின்னணியில் இருந்த சாம்பல் நிறத்தை எடுத்துவிட்டு வேறொரு சாம்பல் நிறத்தை வைத்தார்.