ஓரகத்திக்கு விழுந்த கும்பிடுகள்

எங்கள் பங்காளிகளின் வாட்ஸ்அப் குழு, குலதெய்வப் படைப்புக்கு ஆள் கூட்டுவதற்காகத் தொடங்கியது. கொரோனாவில் படைப்பு நின்றுபோனதும் குழுவில் எல்லோரும் வைத்தியர்களாகிவிட்டார்கள். நான் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. சுகாதாரத் துறை அறிவிப்புகளைத் தேடிப் பிடித்துப் போடுவேன். கீழே ஒரு கும்பிடு படம்கூட விழாது. யாராவது நாற்று கிடைக்குமா என்று கேட்டிருப்பார்கள்.

கொழுந்தனாரின் மனைவி, என் ஓரகத்தி, வல்லத்திராக்கோட்டையில் தையல் மிஷின் போட்டிருக்கிறாள். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். அவள் எழுத மாட்டாள், பேசி அனுப்புவாள். "மாமா, அத்தை, எல்லாரும் சாப்டீங்களா? மாஸ்க்கை தாடைக்கு எறக்கிவிட்டுட்டுப் பேசாதீங்க." அவ்வளவுதான், வரிசையாகக் கும்பிடு விழும். எனக்கு வயிறு எரியும். என் கணவர் வேறு, "நீயும் பேசி அனுப்பேன்" என்றார். இரண்டு நாள் அவரோடு நான் பேசவில்லை.

தடுப்பூசி முகாம் அறிவித்த வாரம், தோழி ஒருத்தி ஒரு செய்தி அனுப்பினாள். ஊசிக்கு மூன்று நாள் முன்பே பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட வேண்டுமாம். யார் சொன்னது, எங்கே சொன்னது, எதுவும் இல்லை. ஓரகத்திக்கு முன்னால் நான் போட்டாக வேண்டும் என்பது மட்டும்தான் எனக்குத் தோன்றியது. 'அறிவியல் ஆசிரியை என்ற முறையில் சொல்கிறேன்' என்று மேலே ஒரு வரி சேர்த்து அனுப்பினேன். அன்று எனக்கும் கும்பிடு விழுந்தது. சமைத்துக்கொண்டே எண்ணிப் பார்த்தேன்.

மூன்றாம் நாள் காலை ஓரகத்தியே போன் செய்தாள்.

"அக்கா, அந்த மாத்திரை விசயம் தப்பாம். நம்ம ஊரு நர்ஸம்மா மாத்திரைய நிறுத்தவே கூடாதுங்குறாங்க. நான் எதைப் பேசினாலும் அவங்ககிட்ட கேட்டுக்கிட்டுத்தான் அனுப்புவேன்."

"அப்ப நீயே குரூப்ல சொல்லிர வேண்டியதுதானே?" என்றேன். குத்தலாகத்தான் சொன்னேன்.

"ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணிச் சொல்லிட்டேன்க்கா. ஆவுடையார்கோவில் பெரியமாமாதான் கேக்க மாட்டேங்குறாரு. ரெண்டு நாளா மாத்திரை போடலயாம், தலை சுத்துதுன்னு படுத்துருக்காரு. நான் சொன்னா, 'நீ சும்மா இரு ஆத்தா, டீச்சரே சொல்லிருக்கு'ங்குறாரு."

பெரியமாமா என் கணவரின் பெரியப்பா. என் அறிவிப்பு எதற்கும் ஒரு நாளும் கும்பிடு போடாதவர். உடனே அவரை அழைத்தேன். நான் போட்டது தப்பு, விசாரிக்காமல் போட்டுவிட்டேன், இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போய் பிரஷர் பாருங்கள் என்றேன்.

"நீ போட்டா நான் அப்புடியே செய்வேன்ல. கைகழுவுறதுலேருந்து ஒன்னு விடல" என்றார்.

அன்று அவரை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். பிரஷர் ஏறியிருந்தது. பகல் முழுக்க அங்கேயே வைத்திருந்து மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். குழுவில் நான் போட்டதற்குக் கீழேயே, தப்பு என்னுடையது என்று முதல்முறையாக என் குரலில் பேசி அனுப்பினேன். முதல் கும்பிடு ஓரகத்தியுடையது.

இன்றும் அவள் மேல் எனக்குப் பொறாமைதான். ஆனால் கும்பிடுகளுக்காக இல்லை. தெரியாததை இன்னொருவரிடம் கேட்க அவளுக்குக் கூச்சமே கிடையாது. எனக்கு இருந்தது. அதற்குப் பெரியமாமா இரண்டு நாள் மாத்திரை இல்லாமல் படுத்துக் கிடந்தார்.