மைனஸ் நாலு பன்

பலகைத் தடுப்பில் காதை வைத்துக்கொண்டு நிற்கிறார் தொடுபுள்ளி சார். வகுப்பு குனிந்து கணக்கை எழுதிக்கொண்டிருக்கிறது. யாராவது தலை நிமிர்ந்தால் சட்டென்று பக்கத்திலிருக்கும் சுவிட்ச் போர்டை ஆராய்வார். சுவிட்ச் போர்டுக்கு ஒரு கேடும் இல்லை. கேடெல்லாம் தடுப்புக்கு அந்தப் பக்கம். அங்கேயும் நுண்பொருளியல் ட்யூஷன்தான், அதே பாடம்தான், நுகர்வோர் தேர்வு. ஆனால் அங்கே பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்க வைப்பது இவருடைய சொந்த மனைவி.

தொடுபுள்ளி என்பது பிள்ளைகள் வைத்த பெயர். கையிலிருக்கும் காசுக்கு என்னென்ன வாங்கலாம் என்று காட்ட ஒரு நேர்கோடு. ஒரே அளவு திருப்தி தரும் சேர்க்கைகளை இணைக்க ஒரு வளைகோடு. வளைகோடு எந்த இடத்தில் நேர்கோட்டைத் தொட்டுவிட்டு விலகுகிறதோ, அங்கேதான் மனிதனுக்கு உச்ச திருப்தி. நேர்கோட்டை மர ஸ்கேல் வைத்து வெள்ளைச் சாக்பீஸில் போடுவார். வளைகோட்டுக்கு மஞ்சள். ஸ்கேலும் கிடையாது, தயக்கமும் கிடையாது, மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. தொடும் இடத்தை விரல் முட்டியால் தட்டி, "இங்கதான். வேற எங்கயும் அலையாதீங்க" என்பார். பிறகு விடையைச் சுற்றி ஒரு கட்டம், அதைச் சுற்றி இன்னொரு கட்டம். இரண்டாவது கட்டம் போடும்போது அவர் முகத்தில் தெரியும் நிறைவு, சம்பள நாளில்கூடத் தெரியாது.

மஞ்சள் சாக்பீஸ்களை ஒரு பழைய மிட்டாய் டப்பாவில் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறார். யாருக்கும் தரமாட்டார். கடைக்குப் போனால் இரண்டு சோப்பை இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு, கடைக்காரர் கொட்டாவி விடும் வரை யோசிப்பார். மனைவி டீச்சரம்மா அதற்குள் மாதச் சாமான் முழுவதையும் வாங்கி முடித்து, அந்த இரண்டு சோப்பையும் அவர் கையிலிருந்து பிடுங்கிக் கூடையில் போட்டுவிடுவார்.

பலகையில் டீச்சரம்மா போடும் கோட்டைப் பார்த்தால் கண்ணில் நீர் வரும். நேர்கோடு குடித்துவிட்டு நடக்கும், வளைகோடு புழு மாதிரி நெளியும். டஸ்டர் இருக்கும்போதே உள்ளங்கையால் அழித்து, அதே கையால் மூக்கைச் சொறிந்துகொள்வார். கலர் சாக்பீஸைத் தொட்டதே இல்லை. அந்தப் புழுவைப் பார்த்துத்தான் பிள்ளைகள் தலையாட்டுகிறார்கள். சாரின் மாலை வகுப்பிலிருந்து ஒருத்தன் நைசாக அந்தப் பக்கம் போனான். பின்னாலேயே இரண்டு பேர். சாருக்கு வயிறு எரிந்தது. தன் வீட்டு விளக்கு என்பதற்காக முத்தமிட்டால் சுடாதா என்ன?

"என்ன, இன்னிக்கு உன் க்ளாஸ்ல ஒரே கும்மாளம்?" என்று சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஒண்ணுமில்லைங்க. நாலாவது ஐஸ்கிரீம் திங்கிறப்ப எப்படி இருக்கும்னு ஒருத்தன நடிச்சுக் காட்டச் சொன்னேன். பய வாயப் பொத்திக்கிட்டு வெளியவே ஓடிட்டான்."

"அது பொருளாதாரமா, நாடகமா?"

"திங்கத் திங்க திருப்தி குறையும்னு புரிஞ்சிடுச்சுல்ல? அது போதும்."

மறுநாள் சார் தன் வகுப்பில் அதே ஐஸ்கிரீமைத் தானே நடித்துக் காட்டினார். ஒருவரும் சிரிக்கவில்லை. முதல் பெஞ்சுக்காரன் மட்டும், "சார், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டான்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். ஆனால் மேல்மாடி ஹால் இருக்கிறதே! பரீட்சைக்கு முன்னால் எல்லா வகுப்பையும் அங்கே ஒன்றாக உட்காரவைத்து ஒரே ஆசிரியர் இந்தப் பாடத்தை முழுதாக நடத்துவார். நீளப் பலகை, மைக், கடைசி வரிசை வரை தலைகள். வருடா வருடம் அது சாருக்குத்தான். இந்த வருடம் ட்யூஷன் சென்டர் முதலாளி இழுத்தார். "ரெண்டு பேர்ல யாருன்னு பாத்துட்டுச் சொல்றேன் சார். பசங்க வேற மாதிரி பேசிக்கிறாங்க." அந்த ஹாலை விடுவதற்குப் பதில் ஒரு கடைவாய்ப் பல்லைக் கேட்டிருந்தால் சார் கொடுத்திருப்பார்.

பார்க்கிறேன் என்று சொன்ன முதலாளி, ஒருநாள் மாலை சாரின் வகுப்பிலேயே கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். சாருக்கு உற்சாகம் தலைக்கேறியது. "எந்தக் கணக்கு வேணும்னாலும் குடுங்க" என்று சவால் விட்டார். இரண்டாம் பெஞ்சுப் பெண் ஒரு பழைய கேள்வித்தாளிலிருந்து வாசித்தாள். கையில் அறுபது. டீ ஐந்து, பன் பத்து. டீயின் எண்ணிக்கைக்கு லாக் எடுத்துப் பத்தால் பெருக்கி, அதோடு பன்னைக் கூட்டினால் பயன்பாடு. எத்தனை டீ, எத்தனை பன்?

ஸ்கேல் வைத்தார், மஞ்சளை இழுத்தார், முட்டியால் தட்டினார். கண்ணை மூடிக்கொண்டு சமன்பாட்டைத் தீர்த்தார். டீ இருபது, பன் மைனஸ் நான்கு. ஒரு கட்டம். இன்னொரு கட்டம்.

"சார், மைனஸ் நாலு பன்னுன்னா, கடைக்காரருக்கு நாம நாலு பன் குடுக்கணுமா?" என்றாள் அந்தப் பெண். கிண்டல் இல்லை, நிஜமாகவே சந்தேகம். "இருபது டீக்கே நூறு ஆயிடுது சார். கையில அறுபதுதான இருக்கு?"

முதலாளி செல்போனிலிருந்து தலையைத் தூக்கினார். சார் பலகையைப் பார்த்தார். படத்தில் வளைகோடு நட்டநடுவில் அழகாகத் தொட்டுக்கொண்டிருந்தது. கை பழகிப்போன இடம் அது. கணக்கிலோ தொடும் இடம் படத்துக்கே வெளியே, பன் பூஜ்யத்துக்கும் கீழே கிடந்தது. விடை விடைதான் என்று அதட்டிவிடலாமா என்றுகூட ஒரு நொடி யோசித்தார்.

கதவு திறந்தது. டீச்சரம்மா தலையை நீட்டினார். "சார், ஒரு மஞ்சள் சாக்பீஸ் கிடைக்குமா?" கண் பலகைக்குப் போய்த் திரும்பியது. "ஓ, மூலைக் கணக்கா? மொதல்ல தப்பா போட்டுக் காட்டிட்டு அப்புறம் திருத்துறீங்களா? நல்லாருக்கே. நானும் அப்படியே செய்யறேன்."

தடுப்பில் காது வைத்தால் இரண்டு பக்கமும் கேட்கும் என்பது அப்போதுதான் சாருக்கு உறைத்தது.

"ஆமா," என்றார், தொண்டையைச் செருமிக்கொண்டு. "யாரு கண்டுபிடிக்கிறீங்கன்னு பாத்தேன்." மஞ்சள் கோட்டை அழித்தார். கடைசிக் காசு வரை டீயில் கிடைக்கும் திருப்திதான் பன்னில் கிடைப்பதைவிட அதிகம். அதனால் கோடு தொடுகிற இடத்தைத் தேடாமல், பட்ஜெட் நேர்கோடு முடிகிற மூலையிலேயே போய் நிற்க வேண்டும். பன்னிரண்டு டீ, பன் கிடையாது. தெளிவாகத்தான் சொன்னார். கட்டம் மட்டும் ஒன்றே போட்டார்.

"பிரமாதம் சார். ஹால் உங்களுக்குத்தான்" என்று கையைக் குலுக்கிவிட்டுப் போனார் முதலாளி.

வீட்டுக்கு நடக்கும் வழியில் டீச்சரம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் சாரை அறுத்தது. ஒருமுறை குத்திக் காட்டியிருந்தால் தேவலை. தான் தவித்து நின்ற இடத்தில் இவள் ஒரு மூச்சில் கரை சேர்த்துவிட்டாள், அதையும் சிரித்துக்கொண்டே. தோற்றிருந்தால் முனகிக்கொண்டே விழுங்கியிருப்பார். மனைவி போட்ட பிச்சையில் ஜெயித்தது தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை.

மறுநாள் முதலாளியிடம் போய், "ஹால அவங்களே எடுக்கட்டும்" என்றார்.

"ஏன் சார்?"

"தொண்டை சரியில்ல."

பெருந்தன்மை என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். சுத்தமான பொறாமை. அன்று மாலை, "தொண்டைக்கு என்னங்க?" என்று டீச்சரம்மா கேட்டார். "ஒண்ணுமில்ல" என்றார். வெந்நீர் வந்தது. அதையும் குடிக்கவில்லை.

ஹால் நிரம்பி வழிந்த அன்று சார் கடைசி வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருந்தார். மிட்டாய் டப்பா மடியில், பூட்டியபடி. மேடையில் டீச்சரம்மா வெள்ளைச் சாக்பீஸால் ஒரு புழுவை நெளியவிட்டு, "இது என் வீட்டுக்காரர் போட்டா ஜோரா இருக்கும், எனக்கு இவ்ளோதான் வரும்" என்றார். ஹால் முழுவதும் சிரித்தது. சார் சிரிக்கவில்லை. அவருடைய ஆள்காட்டி விரல் மட்டும் பெஞ்சுப் பலகையின் மேல், மேலிருந்து கீழே, தயக்கமில்லாமல் ஒரே இழுப்பாக இழுத்துக்கொண்டு போய் ஓரத்து மூலையில் நின்றது. அங்கே, பக்கத்திலிருப்பவனுக்குக்கூடக் கேட்காமல், முட்டியால் ஒரு தட்டு.